பிறை பதினேழு

சபாபதி என்று பெயர் வைத்துக்கொண்டு கலீபாக்களின் வரலாறு நடத்துகிற ஆள் கடலூர் மாவட்டத்தில் இன்னொருவன் இருக்க வாய்ப்பில்லை. ஆசிரியர் அறையில் கணக்கு டீச்சர் ஆரோக்கியம்மாள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். "தூக்குன கால தில்லையில எறக்க எடமில்லாம இங்க கொண்டாந்து வெச்சுட்டாரு எங்க சபாபதி" என்பார். அவன் கூடவே சிரிப்பான். பதில் சொல்ல மாட்டான். அவனுக்குப் பதில் எப்போதும் பஸ் ஏறி உட்கார்ந்த பிறகுதான் வரும்.

செம்மங்குப்பத்தில் தொழிற்பேட்டை மதிலுக்கு இந்தப் பக்கம் வீடு. அப்பா சின்னையன் ஒரு கம்பெனி கேட்டில் இருபது வருஷமாக உட்கார்ந்து வண்டி நம்பர் எழுதுகிறவர். மகன் சிதம்பரத்தில் வரலாறு எம்.ஏ. முடித்து, பி.எட். முடித்து, அரசாங்கத் தேர்வு எழுதி எழுதி இரண்டு வருஷம் வீட்டில் இருந்தான். பரங்கிப்பேட்டைப் பக்கம் கடலோர ஊர் ஒன்றில் ஜமாத்தார் நடத்தும் உயர்நிலைப் பள்ளியில் ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் சர்டிபிகேட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டான்.

அந்தப் பள்ளியில் அரசுப் பாடங்களோடு ஒன்பதாம் வகுப்புக்கு 'இஸ்லாமிய வரலாறும் பண்பாடும்' என்று வாரத்துக்கு மூன்று பீரியடு உண்டு. அதை நடத்திக்கொண்டிருந்த ஆலிம்சா வேலூர்ப் பக்கம் ஒரு மதரசாவுக்குப் போய்விட்டார். ஹெட்மாஸ்டர் ஹபீபுல்லா சுற்றி வளைத்துப் பேசாதவர்.

"ஓதிக் குடுக்குறதுக்குப் பள்ளிவாசல்ல ஆள் இருக்காங்க சார். எனக்கு வரலாறு நடத்த ஒருத்தரு வேணும். நீங்க நடத்துவீங்களா?"

"நடத்துறேன் சார்" என்று சபாபதி சொல்லிவிட்டான். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது உறைத்தது.

கமிட்டித் தலைவர் ஹாஜியார் செய்யது மீரானுக்கு இதில் அரை மனசு. வேண்டாமென்றும் சொல்லவில்லை. தாடியைத் தடவிக்கொண்டு, "நடத்தட்டும். அரைப் பரீட்சை முடியட்டும், பாப்போம்" என்றார். அந்தப் 'பாப்போம்' ஜூன் மாதத்திலிருந்து சபாபதியின் கூடவே பஸ்ஸில் ஏறி இறங்கியது. அரைப் பரீட்சையில் ஏதாவது கோளாறு என்றால் பாடம் போகும். பாடம் போனால் வேலையும் போகும், ஏனென்றால் அவனை எடுத்ததே அந்தப் பாடத்துக்காகத்தான்.

அதனால் படித்தான். பரீட்சைக்குக்கூட அப்படிப் படித்ததில்லை. காலையில் செம்மங்குப்பத்தில் ஏறினால் பு.முட்லூரில் இறங்கி வேறு பஸ் மாற வேண்டும். அந்த ஒரு மணி நேரமும் புத்தகம் மடியில் இருக்கும். மக்காவிலிருந்து மதீனாவுக்குப் போன பயணத்தையும் குகை வாசலில் வலை பின்னிய சிலந்தியையும், இங்கேயிருந்து போன பூஜ்ஜியத்தை பாக்தாத்தில் உட்கார்ந்து எழுதிப் பார்த்தவர்களையும் அவன் ஆலப்பாக்கத்துக்கும் புதுச்சத்திரத்துக்கும் நடுவில்தான் தெரிந்துகொண்டான். சில நாள் படித்ததிலேயே மனசு நின்றுவிடும். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வருவான். உப்பங்கழியில் ஒற்றைக்காலில் கொக்கு நிற்கும். இறங்க வேண்டிய இடம் போய்விடும்.

வகுப்பில் நாற்பத்தோரு பிள்ளைகள். அதில் மீனவக் குப்பத்திலிருந்து வருகிற இந்துப் பிள்ளைகள் மூன்று பேர்: இளவரசு, சேரன், பவானி. விருப்பமில்லையென்றால் அவர்கள் அந்த நேரத்தில் நூலகத்தில் உட்காரலாம். நூலகத்தில் மின்விசிறி ஓடாது என்பதால் வகுப்பிலேயே உட்கார்ந்தார்கள். பிறகு சிலந்திக் கதை பிடித்துப்போய் உட்கார்ந்தார்கள். முதல் பெஞ்சில் ஜுலைகா. சபாபதி உச்சரிப்பில் தடுக்கி விழும்போதெல்லாம் அவள் உதடு மட்டும் சரியான சொல்லைச் சொல்லும், சத்தம் வராது. அவன் அந்த உதட்டைப் பார்த்துத் திருத்திக்கொள்வான். இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை.

அவனிடம் ஒரு குறை உண்டு. கேட்க மாட்டான். சந்தேகம் வந்தால் நோட்டின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் எழுதி வைத்துக்கொள்வான். நபி பெயரைச் சொன்னதும் பிள்ளைகள் வாய்க்குள் ஏதோ சொல்கிறார்களே, நானும் சொல்ல வேண்டுமா, சொன்னால் தப்பா? தொழுகைக்குப் பாங்கு சொல்லும்போது பாடத்தை நிறுத்த வேண்டுமா? ஹெட்மாஸ்டர் அறைக்குப் பத்தடி தூரம்தான். போய்க் கேட்டால் தெரியாது என்று ஆகிவிடுமே. டிசம்பருக்குள் முப்பத்தொரு கேள்வி சேர்ந்துவிட்டது. ஒன்றையும் யாரிடமும் கேட்கவில்லை.

அரைப் பரீட்சை வந்தது. விடைத்தாளில் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். அது ஹெட்மாஸ்டரின் ஏற்பாடு. லீவில் வீட்டில் உட்கார்ந்து திருத்தினான். எட்டாவது கேள்வி, பத்ருப் போர் எப்போது நடந்தது, இரண்டு மதிப்பெண். புத்தகத்தில் உள்ள விடை: ஹிஜ்ரி இரண்டு, ரமலான் 17.

முதல் தாளில், 'ஹிஜ்ரி 2, ரமலான் பிறை 17' என்று இருந்தது.

பேனா நின்றது. பிறை எப்படிப் பதினேழாகும்? பிறை பார்த்து நோன்பு பிடிக்கிறார்கள், அது முதல் நாள். பதினேழாம் நாள் நிலா இட்லி மாதிரி முழுசாக இருக்கும். அதைப் போய் யாராவது பிறை என்பார்களா? ஏதோ பிள்ளை குழம்பியிருக்கிறது என்று அடித்துவிட்டுப் பூஜ்ஜியம் போட்டான். அடுத்த தாளிலும் பிறை 17. அதற்கடுத்ததிலும். பத்தாவது தாளில் பேனாவைக் கீழே வைத்தான். ஒரே தப்பு, ஒரே இடத்தில், ஒரே மாதிரி. அடுக்கை முடித்து எண்ணிப் பார்த்தான். முப்பத்தெட்டுத் தாள்களில் பிறை இருந்தது. மூன்றே மூன்றில் இல்லை.

காப்பி. வேறென்ன? தான் ஹாலில் நின்ற பரீட்சையில், தன் மூக்குக்குக் கீழே. ஹாஜியாரின் 'பாப்போம்' காதுக்குள் கேட்டது. முப்பத்தெட்டுத் தாளிலும் சிவப்பு மையில் 'காப்பி?' என்று எழுதினான்.

பள்ளி திறந்ததும் ஹெட்மாஸ்டரிடம் ஒரு கடிதம் நீட்டினான். முப்பத்தெட்டு மாணவர்கள் ஒரே விடையை ஒரே பிழையோடு எழுதியிருக்கிறார்கள் என்று அதில் இருந்தது. என்ன பிழை என்று அதில் இல்லை. ஹபீபுல்லா படித்துவிட்டு நெற்றியைத் தேய்த்தார். "திங்கக்கிழம பேரண்ட்ஸ வரச் சொல்லிடுறேன். ஹாஜியாருக்கும் சொல்லணும்" என்றார். அவர் முகம் விழுந்துவிட்டது. அவனுக்காகப் பேசியவர் அவர்தானே.

வெள்ளிக்கிழமை வகுப்பில் சபாபதி கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

"மூணு பேரத் தவிர மத்த எல்லாரும் காப்பி அடிச்சிருக்கீங்க. திங்கக்கிழம வீட்லேர்ந்து கூட்டிக்கிட்டு வாங்க."

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஜுலைகா எழுந்தாள்.

"எந்தக் கேள்வி சார்?"

"அது ஒங்களுக்கே தெரியும்."

"தெரியல சார்."

"உக்காரும்மா."

உட்கார்ந்தாள். உதடு அசையவில்லை. அன்றைக்கு அவன் நான்கு சொற்களைத் தப்பாக உச்சரித்தான். நான்கும் தப்பாகவே நின்றன.

சனிக்கிழமை வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. சிதம்பரத்துக்குப் போனான். மார்கழித் தேருக்கு நாள் நெருங்கிவிட்டதால் மேல வீதி முழுக்க மூங்கிலும் கயிறுமாகக் கிடந்தது. அங்கே சந்துக்குள் அன்பரசுவின் கடை. கூடப் படித்தவன். படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுக் கம்ப்யூட்டரில் எழுத்துக் கோத்துக் கல்யாணப் பத்திரிகை அடிக்கிறான்.

"வாடா மச்சான். கலீபா எப்புடி இருக்காரு?"

"இருக்காரு."

"மூஞ்சப் பாத்தா அப்புடித் தெரியலயே. சும்மாதான உக்காந்திருக்க, இந்தப் புரூஃபக் கொஞ்சம் பாரு. வாத்தியாருங்களுக்குத் தப்பு கண்டுபுடிக்கலன்னா சோறு எறங்காது."

நிக்காஹ் பத்திரிகை. பச்சை எழுத்து. சபாபதி சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தான். மணமகன் பெயர், மணமகள் பெயர், இடம் எல்லாம் சரி. 'ரஜப் பிறை 18, ஞாயிற்றுக்கிழமை' என்ற இடத்தில் பேனா வட்டம் போட்டது.

"இங்கயும் இந்தத் தப்புதானா?"

"எதுடா?"

"பிறை பதினெட்டு. பௌர்ணமி தாண்டிடுச்சு. அப்புறம் ஏதுடா பிறை?"

அன்பரசு நாற்காலியைத் திருப்பினான். வட்டத்தையும் இவனையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு சிரிக்க ஆரம்பித்தான், மேசையில் கையை ஊன்றிக்கொண்டு.

"டேய், அது நெலா இல்லடா. தேதி. பிறை ஒண்ணு, பிறை ரெண்டுன்னு முப்பது வரைக்கும் போவும். சாயபுமாருங்க வீட்ல தேதின்னு கேட்டா பிறை எத்தினின்னுதான் கேப்பாங்க. ஆறு வருசமா கார்டு அடிக்கிறேன், எங்கிட்ட வந்து வட்டம் போடுற. நீ அங்க என்னத்தடா நடத்துற?"

சபாபதி சிரிக்கவில்லை. "அப்ப பிறை பதினேழுன்னா?" என்றான்.

"பதினேழாந் தேதி."

பேனாவை மூடிப் பையில் வைத்தான். பிறகு ஏதோ தோன்றி, பள்ளியிலிருந்து போனுக்கு வந்திருந்த எண் பட்டியலைத் திறந்தான். இது வரை பார்க்காத பட்டியல். பிறை போடாத அந்த மூன்று தாள்களின் எண்ணைப் பெயரோடு சேர்த்துப் பார்த்தான்.

இளவரசு. சேரன். பவானி.

போனை அன்பரசுவிடம் நீட்டினான். நடந்ததை முழுக்கச் சொன்னான். கேட்கக் கேட்க அன்பரசுவின் சிரிப்பு வற்றிக்கொண்டே வந்தது.

"மச்சான், இது வேற மாதிரி ஆயிடும்டா. சாயபு ஊட்டுப் புள்ளைங்க எல்லாம் திருட்டுத்தனம் பண்ணுச்சுங்க, நம்ம புள்ளைங்க மூணு மட்டும் யோக்கியம்னு நீ எழுதிக் குடுத்த மாதிரியில்ல இருக்கு."

"நான் பேரே பாக்கலடா."

"எனக்குத் தெரியும். தாளுக்குத் தெரியுமா? பேசாம மார்க்கப் போட்டுட்டு, கூட்டல்ல தப்பாயிடுச்சுன்னு சொல்லி முடிச்சிரு. யாரு பாக்கப் போறா."

ஞாயிறு முழுக்க சபாபதி தாள்களோடு இருந்தான். முப்பத்தெட்டு இடத்தில் பூஜ்ஜியத்தை அடித்து இரண்டு போட்டான். 'காப்பி?' என்பதை அடிக்கலாம், அழிக்க முடியாது. சிவப்பு மை தாளின் பின்பக்கம் வரை இறங்கியிருந்தது. ஒவ்வொரு அடித்தலுக்குப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டான்.

திங்கட்கிழமை பிரேயருக்கு முன்னாலேயே ஹெட்மாஸ்டர் அறைக்குப் போனான். அந்தப் பத்தடியை நடக்க ஆறு மாதம் ஆகியிருந்தது. ஹபீபுல்லா ஒரு தாளைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, போட்டு, இன்னொரு தாளைப் பார்த்தார்.

"ஏன் சார், எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே."

சபாபதி தாள்களின் ஓரத்தைத் தட்டி நேராக்கினான்.

"சரி வுடுங்க. பேரண்ட்ஸ்கிட்ட பொதுவா ஏதாச்சும் பேசி அனுப்பிடுறேன். ஹாஜியார நான் பாத்துக்குறேன்."

"இல்ல சார். கிளாஸ்ல வெச்சுக் காப்பின்னு சொல்லிட்டேன். கிளாஸ்ல வெச்சே எடுத்துடணும்."

"ஹாஜியாரும் உள்ள உக்காந்திருப்பாரு."

"தெரியும் சார்."

ஒன்பதாம் வகுப்பில் பிள்ளைகள் சுவரோரம் நின்றார்கள். பெஞ்சில் அம்மாக்கள், வெள்ளைத் துப்பட்டியும் கறுப்புப் புர்காவுமாக. நாலைந்து அப்பாக்கள். குப்பத்திலிருந்து பவானியின் அம்மா மீன்கூடையை வாசலில் வைத்துவிட்டு வந்திருந்தாள். மேசைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு ஹாஜியார், அவர் பின்னால் ஹெட்மாஸ்டர். சபாபதி இந்த முறை கரும்பலகைக்கு முதுகு காட்டி நின்றான்.

"யாரும் காப்பி அடிக்கல" என்றான். குரல் பாதி தூரம்தான் போயிற்று. மறுபடி சொன்னான். "பிறைன்னா தேதின்னு எனக்குத் தெரியாது. நெலான்னு நெனச்சு அடிச்சுட்டேன். எல்லாரும் ஒரே மாதிரி எழுதியிருந்ததால காப்பின்னு முடிவு பண்ணிட்டேன். தப்பு என்னுது."

யாரோ ஒரு அம்மா, "பிறைய நெலான்னா?" என்று பக்கத்திலிருந்தவளிடம் மெல்லக் கேட்டாள். ஹாஜியார் கையைத் தூக்கினார்.

"மூணு பேரு காப்பி அடிக்கலன்னு சொன்னீங்களாமே. அது யாரு?"

சபாபதி எதிர்பார்த்த கேள்விதான். ஹாஜியாரை நேராகப் பார்த்துச் சொன்னான்.

"இளவரசு, சேரன், பவானி."

வகுப்பில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. பவானியின் அம்மா முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள்.

"பேரு பாத்துப் போட்டீங்களா?"

"தாள்ல நம்பர்தாங்க இருக்கும். சாருக்குத் தெரியும். அந்த மூணு பேரு புத்தகத்துல இருந்தத அப்புடியே எழுதிட்டாங்க. மத்தவங்க வீட்ல சொல்றத எழுதியிருக்காங்க. நான் யாருகிட்டயாச்சும் கேட்டிருந்தா இது நடந்திருக்காது. கேக்கல."

"மூணு நாளா நாங்க ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டே இருந்தோம் சார்." சுவரோரத்திலிருந்து ஜுலைகா. "யாரு யாருக்குக் காட்டுனாங்கன்னு. நானும் ஃபௌசியாவும் பேசிக்கவே இல்ல."

"மன்னிச்சுரும்மா" என்றான் சபாபதி. கையிலிருந்த நோட்டை மேசை மேல் வைத்தான், கடைசிப் பக்கத்தைத் திறந்து. ஹாஜியார் அதை இழுத்து, தூரப் பிடித்துப் படித்தார். முதல் இரண்டு கேள்வியை மனசுக்குள் படித்தார். தாடி மட்டும் அசைந்தது. மூன்றாவதைச் சத்தமாகப் படித்தார்.

"பாங்கு சொல்லும்போது பாடத்த நிறுத்தணுமா." அடுத்த வரிக்குப் போனார். "ஆலிம்சா, ஹஜரத், லெப்பை, மூணும் ஒருத்தரா, வேற வேறயா." கொஞ்சம் கீழே தள்ளி, "நெய்ச்சோறும் பிரியாணியும் ஒண்ணா."

"ஒண்ணாவா?" பெஞ்சிலிருந்து ஜுலைகாவின் அம்மா ரஹ்மத் பீவியின் குரல் வந்தது. "யாரு சார் ஒங்களுக்கு அப்புடிச் சொன்னது?"

"யாரும் சொல்லலைங்க. அதான் எழுதி வெச்சிருக்கேன்."

முதலில் ஓர் அம்மா சிரித்தாள். பிறகு துப்பட்டிகளெல்லாம் குலுங்கின. அந்தச் சத்தத்தில் தைரியம் வந்து பவானி கேட்டாள்: "சார், பிறை போடாததுக்கு எங்க மூணு பேருக்கும் இப்ப மார்க்கு கொறஞ்சிருமா?"

"கொறையாது."

"போட்டா எச்சா உண்டா?"

"அடி வாங்குவ" என்றாள் அவள் அம்மா.

ஹாஜியார் மட்டும் சிரிக்கவில்லை. நோட்டை மூடி, அட்டை மேல் கையை வைத்துக்கொண்டிருந்தார். "முப்பத்தொண்ணு இருக்கு. ஆறு மாசமா ஒண்ணுகூடவா கேக்கல?"

"இல்லைங்க."

"ஏன்?"

"கேட்டா எனக்குத் தெரியாதுன்னு ஆயிடும்னு."

"தெரியாதது தெரியாதுதான? கேட்டாலும், கேக்காட்டியும்." ஹாஜியார் எழுந்தார். நோட்டை அவன் பக்கம் தள்ளினார். ஹெட்மாஸ்டரைப் பார்த்து, "முழுப் பரீட்சை வரைக்கும் இவரே நடத்தட்டும்" என்றார். பின்னால் ஒரு 'பாப்போம்' வரும் என்று சபாபதி காத்திருந்தான். ஹாஜியார் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு வெராந்தாவில் இறங்கிவிட்டார்.

கூட்டம் கலைந்தது. ஃபௌசியாவின் தோளைப் பிடித்துக்கொண்டு ஜுலைகா வெளியே போனாள். இவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. அது நியாயம்தான் என்று அவனுக்குத் தோன்றியது. ரஹ்மத் பீவி மட்டும் வாசலில் நின்றாள்.

"சார், புள்ளைங்களோட வாப்பா சபுர்லேர்ந்து வந்திருக்காங்க. வர்ற வெள்ளி ராவு வீட்ல பாத்திஹா ஓதுறோம். நெய்ச்சோறு ஆக்குறோம். வந்து தின்னு பாத்துட்டு நீங்களே சொல்லுங்க, ரெண்டும் ஒண்ணான்னு."

"வர்றேங்க" என்றான். சபுர் என்றால் வெளிநாட்டுப் பயணம் என்பது அவனுக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை ராத்திரி கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று மனசு கணக்குப் போட்டது. அவள் நாலடி போய்விட்டாள். அவனுக்குள் ஏதோ உறுத்தியது. வழக்கமாக அந்த உறுத்தல் நோட்டின் கடைசிப் பக்கத்துக்குத்தான் போகும்.

"அம்மா."

அவள் திரும்பினாள்.

"வெள்ளி ராவுன்னா, வெள்ளிக்கிழம ராத்திரிதானுங்களே?"

ரஹ்மத் பீவி வாயைத் துப்பட்டியால் பொத்திக்கொண்டாள். "நல்ல வேள கேட்டீங்க. வியாழக்கிழம சார். பொழுது எறங்கிட்டா எங்களுக்கு மறுநாள் பொறந்துரும்ல. வியாழன் மக்ரிபு தொழுகைக்கு அப்புறம் வெள்ளி ராவுதான்."

வெராந்தாக் கோடியிலிருந்து ஹாஜியாரின் குரல் வந்தது, திரும்பாமலேயே. "வெள்ளிக்கிழம வந்தா சட்டியத்தான் மோந்து பாக்கணும். எழுதிக்கிங்க. முப்பத்திரெண்டு."

கடைசிப் பக்கத்தில் இடமில்லை. சபாபதி அட்டையின் உள்பக்கத்தில் எழுதினான். எழுதி, அதற்கு நேரே விடையையும் எழுதினான். அந்த நோட்டில் விடை எழுதிய கேள்வி அது ஒன்றுதான். பிறகு கடைசிப் பக்கத்தின் உச்சிக்குப் போய், நபி பெயரைப் பற்றிய முதல் கேள்வியை ஒரு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு, ஹெட்மாஸ்டர் அறைப் பக்கம் நடந்தான்.